கன்சர்வேட்டிவும் லிபர்டேரியனும் எதுல ஒத்துப்போறாங்க, எங்க முட்டிக்கிறாங்க?

தேடல்87:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் என்னை ரொம்ப வருஷமா கன்சர்வேட்டிவ்னுதான், அதாவது பழைய மரபைக் காப்பாத்தணும்கிற ஆள்னுதான், நெனச்சுட்டு இருந்தேன். வரி கம்மியா இருக்கணும், கவர்ன்மென்ட் தொழில்ல மூக்கை நுழைக்கக்கூடாது, அவனவன் சொத்து அவனவனுக்கு, குடும்பம் உடையக்கூடாது, இவ்வளவுதான் என் நிலைப்பாடு. போன மாசம் ஒரு ஃப்ரெண்டோட பேசிட்டு இருந்தப்ப அவன் "நீ கன்சர்வேட்டிவே இல்லடா, நீ லிபர்டேரியன், உனக்கே தெரியல"ன்னான். லிபர்டேரியன்னா, அடுத்தவனுக்குத் தீங்கு இல்லாதவரைக்கும் தனி மனுஷன் இஷ்டத்துல அரசாங்கம் தலையிடக்கூடாதுங்கிறவன். சரி, பேருல என்ன இருக்குன்னு விட்டுட்டேன். உடனே ஒரு கேள்வி போட்டான். "ஒருத்தன் தன் கிட்னிய காசுக்கு விக்கலாமா?" நான் யோசிக்கக்கூட இல்ல, கூடாதுன்னேன். ஏன்னான். பதில் வரல. "உடம்பு அவனோடது, இஷ்டம் அவனோடது, வாங்குறவனுக்கு உயிர் கிடைக்குது, நடுவுல நீ யாரு?"ன்னு கேட்டான். வாயடைச்சுப்போச்சு. ஆனா கூடாதுங்கிற எண்ணம் மட்டும் இம்மிகூட அசையல.

அதுலேர்ந்து இதே நெனப்பு. தேர்தல்னு வந்தா ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கிறாங்க, வரி பத்திப் பேசினா ஒரே மாதிரி பேசறாங்க, அப்புறம் ஒரு கிட்னில வந்து எப்படி நேரெதிர் ஆகுறாங்க? நாலு கட்டம் போட்டு நீ எந்தக் கட்டத்துல இருக்கேன்னு சொல்ற அந்த குவிஸ் எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு, அது நான் எங்க இருக்கேன்னு சொல்லுது, ஏன் அங்க இருக்கேன்னு சொல்லல. தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்குங்க.

ஆலமரத்தடி:

தம்பி, நல்ல கேள்வி. நான் கன்சர்வேட்டிவ் பக்கம், அதை முதல்லயே சொல்லிடறேன்.

ஒத்துப்போற இடம் உண்மையாவே பெருசு. ஏதோ ஓட்டுக்காகச் சேர்ந்த கூட்டுன்னு நெனச்சுடாதீங்க. அஸ்திவாரத்துல இருக்கிறது ஒரே சந்தேகம்: மேல உக்காந்திருக்கிற நாலு புத்திசாலிங்களால ஒரு சமுதாயத்தையே திட்டம் போட்டு நடத்த முடியுமா? முடியாதுன்னு ரெண்டு பேரும் சொல்றாங்க. 1790ல பர்க்னு ஒரு பிரிட்டிஷ் அரசியல்வாதி பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டினப்போ சொன்னதும் இதுதான், தலைமுறை தலைமுறையா சேர்ந்த அனுபவம் எந்தத் தனி மனுஷனோட மூளையை விடவும் பெருசு. ஹயெக்ங்கிற பொருளாதார அறிஞர் 20ம் நூற்றாண்டுல விலைவாசியை வச்சு சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், கோடிக்கணக்கான பேர்கிட்ட துண்டு துண்டா இருக்கிற தகவலை எந்த அதிகாரியாலயும் ஒரே மேஜைல திரட்ட முடியாது. பர்க் மார்க்கெட்டுக்கு எதிரினு பல பேர் நெனக்கிறாங்க, அது தப்பு, 1795ல தானியப் பஞ்சம் வந்தப்ப கூலியை சட்டம் போட்டு நிர்ணயிக்கிறதையும் கவர்ன்மென்ட் தானிய வியாபாரத்துல இறங்குறதையும் எதிர்த்து எழுதினவர் அவர்.

சொத்து விஷயத்துல ரெண்டு பேரும் எப்படி ஒண்ணா நிப்பாங்கன்னு பார்க்கணும்னா அமெரிக்காவுல 2005ல வந்த கெலோ கேஸைப் பாருங்க. நியூ லண்டன்னு ஒரு சின்ன நகரம். ஆத்தோரமா ஒரு அம்மாவோட பிங்க் கலர் வீடு. அந்த இடத்தை எல்லாம் எடுத்து பெரிய டெவலப்மென்ட் பண்ணா வேலை வரும், வரி வருமானம் வரும்னு நகர நிர்வாகம் கையகப்படுத்துச்சு. ரோடு போடறதுக்கு இல்ல, ஆஸ்பத்திரி கட்டறதுக்கு இல்ல, ஒருத்தர்கிட்ட புடுங்கி இன்னொரு தனியார்கிட்ட குடுக்கிறதுக்கு. சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ல செல்லும்னு சொல்லிடுச்சு. எதிர்த்து எழுதின நாலு பேருமே கன்சர்வேட்டிவ் ஜனாதிபதிங்க காலத்துல வந்த நீதிபதிங்க, வெளில அவங்களுக்குக் கை தட்டினதுல பாதிப் பேர் லிபர்டேரியனுங்க. அந்த அம்மா வீட்டைப் பிரிச்சு வேற இடத்துல கொண்டுபோய் வச்சாங்க, எடுத்த நிலம் வருஷக்கணக்கா புல்லு முளைச்சுக் கிடந்துச்சு. வேலியே பயிரை மேயறதுன்னா இதுதான்.

ஆனா ஒரே வீட்டைக் காப்பாத்த நின்னாலும் மனசுல ஓடுறது வேற வேற. லிபர்டேரியன், "அது அவளோட சொத்து, அவ சம்மதம் இல்லாம தொட முடியாது"ங்கிறான். முடிஞ்சுது. எனக்கு அது மட்டும் இல்ல. அது ஒரு வீடு, பக்கத்து வீட்டு மனுஷங்க, வருஷக்கணக்கா உண்டான பழக்கம், நாளைக்கு வரப்போறவங்களுக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு. இப்ப அந்த அம்மாவே விருப்பப்பட்டு வித்தா? அவனுக்கு எந்த சங்கடமும் இல்ல. எனக்கு, அவங்க உரிமைன்னு ஒத்துக்கிட்டாலும், உள்ள ஏதோ ஒண்ணு போச்சேன்னு இருக்கும்.

உங்க கிட்னி கேள்விக்கு இங்கதான் பதில் இருக்கு. லிபர்டேரியனுக்கு உடம்பு சொத்து, முதல் சொத்தே அதுதான், மத்த சொத்தெல்லாம் அதுலேர்ந்து கிளைச்சது. எனக்கு உடம்பு சொத்து இல்ல, ஒப்படைச்சது. ஒப்படைச்சதைப் பாதுகாக்கலாம், தானம் பண்ணலாம், விலை போட முடியாது. அதை என்னால கணக்கு மாதிரி நிரூபிச்சுக் காட்ட முடியாது, ஆனா நீங்க யோசிக்காம கூடாதுன்னு சொன்னீங்க பாருங்க, அதை மூடநம்பிக்கைன்னு தள்ளிடாதீங்க. எத்தனையோ தலைமுறை யோசிச்சு வச்சதுதான் நமக்கு யோசிக்காமலே வாயில வருது.

என்உரிமை:

ஆலமரத்தடி ஐயா சொன்னதுல ஒத்துப்போற பகுதி அப்படியே சரி. பிரியற பகுதில ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு.

நாங்க எல்லாத்தையும் சரின்னு சொல்றவங்க இல்ல. ஒரு லிபர்டேரியன் தன் வீட்டுல ரொம்ப கட்டுப்பாடான ஆளா இருக்கலாம், சாமி கும்பிடலாம், குடியைத் தொடாம இருக்கலாம். எங்க கேள்வி "இது தப்பா?" இல்ல. "இதுக்குப் போலீஸை அனுப்பலாமா?" இந்த ரெண்டு கேள்வியையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறதுதான் பிரச்சனையே. எந்தச் சட்டத்தைப் பிரிச்சுப் பார்த்தாலும் கடைசிப் பக்கத்துல ஒரு துப்பாக்கி இருக்கு. நீ அபராதம் கட்டலைன்னா சம்மன், சம்மனுக்குப் போகலைன்னா வாரன்ட், கதவைத் திறக்கலைன்னா கதவை உடைப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரனை அந்த அளவுக்குப் பண்ண எனக்கு எது அதிகாரம் குடுத்துச்சுன்னு நாங்க கேக்கறோம்.

பிரிட்டன்ல இதை நேருக்கு நேர் வாதாடினாங்க. 1957ல வுல்ஃபெண்டன் கமிட்டிங்கிற அரசாங்கக் குழு, வயசுக்கு வந்த ரெண்டு ஆண்கள் மறைவுல சம்மதத்தோட இருக்கிறது குற்றம் ஆகக்கூடாதுன்னு பரிந்துரை பண்ணுச்சு. டெவ்லின்னு ஒரு நீதிபதி 1959ல எதிர்த்துப் பேசினார், பொது ஒழுக்கம்தான் சமுதாயத்தைக் கட்டி வச்சிருக்கிற கயிறு, அதை அறுக்கிறவனைத் தண்டிக்க சமுதாயத்துக்கு உரிமை உண்டுன்னு. ஹார்ட்ங்கிற சட்ட அறிஞர் பதில் சொன்னார், பெரும்பான்மைக்கு அருவருப்பா இருக்குங்கிறது ஒருத்தனை ஜெயில்ல போடக் காரணமாகாதுன்னு. இங்கிலாந்துல சட்டம் மாற 1967 ஆச்சு. அந்த பத்து வருஷத்துல தண்டனை வாங்கினவங்களை நெனச்சுப் பாருங்க. ஐயா சொல்ற அந்த "தலைமுறை தலைமுறையா வந்த உள்ளுணர்வு" அவங்களையும்தான் உள்ள தள்ளுச்சு. ஹயெக் 1960ல தன்னை ஏன் கன்சர்வேட்டிவ்னு சொல்லிக்க மாட்டேன்னு எழுதினப்ப வச்ச குறை இதுவேதான்: தங்களுக்குச் சரின்னு படற காரியத்துக்குன்னா இவங்களுக்குக் கட்டாயப்படுத்தறது உறுத்தாது.

இன்னொண்ணு, கட்டாய ராணுவ சேவை. என்னைப் பொறுத்தவரை ரெண்டு பேருக்கும் உள்ள கோடு பளிச்சுனு தெரியற இடம் கிட்னி இல்ல, இதுதான். வியட்நாம் போர் சமயம், கட்டாய சேவையை நிறுத்தலாமான்னு பார்க்க அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் போட்ட கமிஷன்ல பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் இருந்தார். வியட்நாம்ல படை நடத்தின ஜெனரல் வெஸ்ட்மோர்லண்ட் வந்து, கூலிப்படைக்குத் தலைமை தாங்க எனக்கு விருப்பம் இல்லைன்னு சொல்ல, ஃப்ரீட்மன், அப்போ அடிமைப்படைக்குத் தலைமை தாங்கறீங்களான்னு கேட்டாராம், இதை அவரே பின்னாடி எழுதியிருக்கார். 1969ல செயின்ட் லூயிஸ்ல நடந்த கன்சர்வேட்டிவ் இளைஞர் மாநாட்டுல ஒரு பையன் டிராஃப்ட் கார்டை, அதாவது கட்டாய ராணுவ சேவைக்கான அட்டையை, எரிச்சான், அரங்கத்துக்குள்ளயே கைகலப்பு. அதுவரைக்கும் தோளோட தோள் நின்னவங்க. அந்த அட்டைல எரிஞ்சது கன்சர்வேட்டிவ் பையனுக்கு நாட்டோட மானம், லிபர்டேரியன் பையனுக்கு தன் கழுத்துல போட்ட கயிறு. 1973ல டிராஃப்ட் நின்னுச்சு, ஆனா அந்த விரிசல் ஒட்டவே இல்ல. நடுவுல 1971 ஆகஸ்ட்ல நிக்சனே சம்பளத்தையும் விலையையும் 90 நாளுக்கு உறைய வச்சு உத்தரவு போட்டார், அந்த டிசம்பர்லயே லிபர்டேரியன் கட்சி தனியா பொறந்துடுச்சு.

கிட்னிக்கு வரேன். அமெரிக்காவுல 1984லேர்ந்து உறுப்பு விக்கிறது குற்றம். ஆனா அறுவை பண்ற டாக்டருக்குக் காசு, ஆஸ்பத்திரிக்குக் காசு, ஒருங்கிணைக்கிறவருக்குக் காசு, அதை எடுத்துட்டுப் போற வண்டிக்காரருக்கும் காசு. அந்த மொத்த வரிசையில சல்லிக்காசு வாங்கக்கூடாதவன் கிட்னியைக் குடுக்கிறவன் ஒருத்தன்தான். டயாலிசிஸ் மெஷின்ல படுத்துக்கிட்டு வரிசையில காத்திருந்து செத்துப்போறவங்க முகத்தைப் பார்த்து "ஒப்படைச்சது, விலை போட முடியாது"ன்னு என்னால சொல்ல முடியாதுங்க. இரான்ல கவர்ன்மென்ட் மேற்பார்வையில காசு குடுத்து கிட்னி வாங்கறது சட்டப்படி நடக்குது. குறை இல்லாமலான்னா, இருக்கு, குடுக்கறவங்க பெரும்பாலும் ஏழைங்க. ஆனா அந்த ஏழைக்கு இருக்கிற ஒரு வழியையும் அடைச்சுட்டு, அவனோட ஏழ்மையை அப்படியே விட்டுட்டுப் போறதுக்குப் பேரு கருணையா?

வடக்குவாசல்:

சின்னதா ஒண்ணு சேர்த்துக்கறேன். அடக்கமான கவர்ன்மென்ட் வேணும்னு ரெண்டு பேரும் சொல்வாங்க, ஆனா போரும் பாதுகாப்பும் வந்தா பாருங்க. 2001ல பேட்ரியாட் சட்டம், அதாவது தீவிரவாதத்தைத் தடுக்கன்னு அரசாங்கத்தோட கண்காணிப்பு அதிகாரத்தைக் கூட்டின சட்டம், வந்தப்ப அமெரிக்க கீழ்சபைல கன்சர்வேட்டிவ் பக்கக் கட்சியான ரிபப்ளிகன்கள்ல எதிர்த்து ஓட்டுப் போட்டது மூணே பேர். அதுல லிபர்டேரியன் பக்கம் சாய்ஞ்ச ரான் பால் ஒருத்தர், அடுத்த வருஷம் இராக் போருக்கு அனுமதி குடுக்கிற தீர்மானத்தையும் எதிர்த்தார். தபால் டிபார்ட்மென்டை நம்பி ஒரு கடிதம் குடுக்க முடியாதுன்னு சொல்றவங்க, அதே அரசாங்கத்தை நம்பி இன்னொரு நாட்டைத் திருத்தற வேலையை எப்படிக் குடுக்கறாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல.

பழையஏடு:

எல்லாரும் "கன்சர்வேட்டிவ்"னு ஒரு ஆளையே மனசுல வச்சுப் பேசற மாதிரி இருக்கு. எதைக் காப்பாத்தணும்னு நிக்கறோமோ அதைப் பொறுத்து ஆள் மாறுவான். கவர்ன்மென்ட் நோய்க் காப்பீடு, முதியோர் பென்ஷன் இதையெல்லாம் 1883லயும் 1889லயும் ஜெர்மனியில கொண்டு வந்தது சோஷலிஸ்ட் இல்ல, அந்த நாட்டுச் சான்சலர் பிஸ்மார்க், அவரை விட ஒரு கன்சர்வேட்டிவைத் தேடினாலும் கிடைக்காது. தொழிலாளி புரட்சிப் பக்கம் போயிடக்கூடாது, அரசனோட ஒட்டி இருக்கணும், அதுதான் அவர் கணக்கு. அமெரிக்க கன்சர்வேட்டிவ் சின்ன அரசாங்கம் கேக்கறான்னா, அவன் பாட்டன் முப்பாட்டன் எழுதி வச்ச அரசியல் சட்டமே சின்ன அரசாங்கத்துக்காக எழுதினது, அவன் அதைக் காப்பாத்தறான். அங்க மட்டும்தான் லிபர்டேரியனும் அவனும் இவ்வளவு நெருக்கமா வர முடியுது.

அங்கயும் அந்த நெருக்கம் தானா வந்துடல, ஒருத்தர் உக்காந்து தையல் போட்டார். ஃபிராங்க் மேயர்னு, இளமையில கம்யூனிஸ்டா இருந்து வெளிய வந்தவர், 1955ல ஆரம்பிச்ச ஒரு கன்சர்வேட்டிவ் பத்திரிகையில இருந்தவர். அவர் வாதம் ரொம்ப எளிமையானது, எனக்கு இன்னைக்கும் பிடிச்சது: கட்டாயப்படுத்தி வர வச்ச நல்லொழுக்கம் ஒழுக்கமே இல்ல. கையைக் கட்டிப்போட்டுட்டு இவன் திருட மாட்டான்னு பாராட்ட முடியுமா? அதனால ஒழுக்கம் வேணும்கிற கன்சர்வேட்டிவுக்கே சுதந்திரம் தேவை, அதே மாதிரி சுதந்திரம் நிலைக்கணும்னா நல்லது கெட்டது தெரிஞ்ச மனுஷங்க தேவை. அவரோட சிநேகிதர் பிரென்ட் போஸெல் 1962ல திருப்பிக் கேட்டார், மனுஷன் பலவீனமானவன், அவன் நல்ல வழியில போக சட்டமும் ஊரும் கொஞ்சம் கை பிடிச்சு விட்டா என்ன தப்புன்னு. 60 வருஷத்துக்கு மேல ஆச்சு, இந்த ரெண்டு பேரைத் தாண்டி இந்தச் சண்டை ஒரு அடிகூட நகரல.

நடுநிசி:

நான் பொதுவா படிச்சுட்டுப் போயிடுவேன், எழுத மாட்டேன். இதுக்கு எழுதணும்னு தோணுச்சு.

காலேஜ் முடிச்ச நாள்லேர்ந்து நான் லிபர்டேரியன். என்உரிமை எழுதினதை ஒவ்வொரு வரியா நானே பல பேர்கிட்ட பேசியிருக்கேன். என் அண்ணன் ஆன்லைன் சூதாட்டத்துல விழுந்தான். முதல்ல பொழுதுபோக்குன்னான். ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தா அவன் ரூம் கதவிடுக்குல போன் வெளிச்சம் தெரியும், கட்டை விரல் மட்டும் மேலயும் கீழயும் போயிட்டே இருக்கும், முகத்துல ஜெயிச்ச சந்தோஷமும் இருக்காது தோத்த வருத்தமும் இருக்காது, ஒண்ணுமே இருக்காது. எட்டு மாசம். அண்ணி நகை போச்சு, குழந்தை பேர்ல போட்டு வச்ச டெபாசிட் போச்சு, கடைசில அம்மா வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க. நான் அப்பவும், அவன் காசு, அவன் முடிவு, வயசுக்கு வந்தவன்னு சொல்லிட்டு இருந்தேன். அண்ணி ஒரு நாள் என்னைப் பார்த்து, "அவர் காசுன்னு எதைச் சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் கேட்டாங்க.

என் தத்துவத்துல ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் இடம் இருந்துச்சு, தனி மனுஷன், அப்புறம் அரசாங்கம். நடுவுல அண்ணிக்கு இடமே இல்ல. அவங்க எந்த ஒப்பந்தத்துலயும் கையெழுத்துப் போடல, அண்ணன் அவங்களை அடிக்கல, ஏமாத்தல, ஆனா அவங்க வாழ்க்கை காலி. கன்சர்வேட்டிவ் சொல்றது இங்க எனக்கு உறைச்சுது, சமுதாயத்தோட அடிப்படை ஆள் தனி மனுஷன் இல்ல, குடும்பம். இன்னும் நான் முழுசா அந்தப் பக்கம் போகல. ஆனா "அடுத்தவனுக்குத் தீங்கு இல்லைன்னா தலையிடாதே"ன்னு இப்ப சொல்றப்ப, அடுத்தவன்னா யாருன்னு முதல்ல கேக்கறேன்.

என்உரிமை:

நடுநிசி, படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. உங்க அண்ணியோட கேள்வி நியாயமானது, அதுக்கு எங்க பக்கம் யாரும் சரியா பதில் சொன்னதா எனக்குத் தெரியல.

ஆனா தடைன்னு போனா என்ன ஆகும்னும் பார்க்கணும். அமெரிக்கா 1920லேர்ந்து 1933 வரைக்கும் மதுவை அரசியல் சட்டத்துலயே எழுதித் தடை பண்ணுச்சு. குடிகாரனோட பொண்டாட்டி பிள்ளைங்களைக் காப்பாத்தணும்னு கண்ணீரோட கேட்டுத்தான் அதைக் கொண்டு வந்தாங்க, கேட்டவங்கள்ல மதப்பற்று உள்ளவங்களும் இருந்தாங்க, முற்போக்குச் சீர்திருத்தக்காரங்களும் இருந்தாங்க. கள்ளச்சாராயமும் அல் கபோன் மாதிரி ரவுடிங்களும்தான் மிச்சம். சூதாட்டமும் அப்படியே ரகசியத்துக்குள்ள போச்சுன்னா, கடனைத் திருப்பிக் கேக்க வர்றவன் நோட்டீஸோட வர மாட்டான், ஆளோட வருவான்.

ஆலமரத்தடி:

தம்பி நடுநிசி, அண்ணியும் குழந்தையும் நல்லா இருக்கணும்.

தடை, தடை இல்லைன்னு ரெண்டே வழின்னு நெனக்க வேண்டாம், பழைய சட்டத்துல மூணாவது ஒண்ணு இருந்துச்சு. பிரிட்டன்ல 1845ல ஒரு சூதாட்டச் சட்டம் வந்துச்சு, பந்தயம் கட்டி ஜெயிச்ச காசை எந்தக் கோர்ட்லயும் கேஸ் போட்டு வசூல் பண்ண முடியாதுன்னு. ஆடறவனை அதுக்காகப் பிடிச்சு உள்ள போடறது இல்ல. நீ ஆடினா ஆடிக்கோ, ஆனா தோத்தவன் வீட்டுச் சாமானை ஜப்தி பண்ண அரசனோட கை உனக்கு உதவாது. 160 வருஷத்துக்கு மேல அது இருந்துச்சு. 2005ல வந்த புதுச் சட்டம் அதை எடுத்துடுச்சு, 2007 செப்டம்பர்லேர்ந்து அங்க பந்தயக் காசு மத்த ஒப்பந்தம் மாதிரிதான். யாரோ பெரியவங்க அனுபவத்துல கண்டுபிடிச்சு வச்ச ஒரு நடுவழியை, காரணம் மறந்துபோனதால தூக்கிப் போட்டுட்டோம்ங்கிறது என் வருத்தம். என்உரிமை, போலீஸை அனுப்பாதேன்னு நீங்க சொல்றது சரி. அப்போ ஜப்தி பண்ற கோர்ட் அமீனாவை மட்டும் ஏன் அனுப்பணும்?

தேடல்87:

எல்லாருக்கும் நன்றி, மூணு தடவை படிச்சேன். நடுநிசி, உங்க அண்ணி கேட்டதை என் மனைவிக்கு வாசிச்சுக் காட்டினேன்.

1845 விஷயத்தைப் படிச்சதும் என் கிட்னி குழப்பத்துல பாதி தெளிஞ்சுது. வறுமையில வித்தவனை ஜெயில்ல போட நான் சம்மதிக்க மாட்டேன், அந்த அளவுக்கு நான் என்உரிமை பக்கம். ஆனா ஒருத்தன் காசு வாங்கிட்டு, ஆபரேஷன் அன்னைக்குக் காலைல பயந்துபோய் மாட்டேன்னுட்டான்னு வைங்க, எந்தக் கோர்ட்டும் அவனைப் படுக்க வைக்கக்கூடாது. காசைத் திருப்பிக் குடுன்னு சொல்லலாம், உடம்பைக் குடுன்னு சொல்லக்கூடாது. நேத்து ராத்திரி போன் பண்ணி ஃப்ரெண்ட்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "கையெழுத்துப் போட்டுட்டா ஒப்பந்தம் ஒப்பந்தம்தானேடா"ன்னான். என்னால அதை ஏத்துக்க முடியல.

என்உரிமை:

ஐயா, அமீனா கேள்விக்கு எனக்கு யோசிக்கணும், நிஜமாவே.

தேடல், உங்க ஃப்ரெண்டோட பதில் எங்க எல்லாரோட பதிலும் இல்ல. இந்த இடத்துல எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி. லிபர்டேரியன் தத்துவ அறிஞர் நோசிக் 1974ல எழுதினப்ப, சுதந்திரமான அமைப்புல ஒருத்தன் தன்னையே அடிமையா வித்துக்கக்கூட அனுமதி இருக்கும்னு போனார். ராத்பார்டு, அரசாங்கமே வேண்டாம்னவர், இதுல மட்டும் முடியாதுன்னார், பொருளைக் கை மாத்தலாம், மனுஷனோட சித்தத்தைக் கை மாத்த முடியாது, அதனால நாளைக்கு மனசு மாறினவனைக் கட்டாயப்படுத்தற ஒப்பந்தம் செல்லாதுன்னு. நான் ராத்பார்டு பக்கம். உங்க ஃப்ரெண்ட் எந்தப் பக்கம்னு அடுத்த தடவை பேசறப்ப கேட்டுப் பாருங்க.